காருக்கு சப்வூஃபர் பெட்டியை வீட்டிலேயே செய்யலாமா?

12 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) வாங்கியாச்சு, பெட்டியை நானே அடித்தால் சரியாக வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் வரும். முதல் முறை என்றால் முழுக்க மூடிய பெட்டியே செய்யுங்கள். காற்றுக்குழாய் வைத்த பெட்டியில் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் பாஸ், அதாவது அந்தத் தாழ்ந்த ஒலி, குழம்பிவிடும்.

வூஃபரோடு வந்த தாளில் பெட்டி எத்தனை லிட்டர் வேண்டும் என்று பாருங்கள். பலர் இடறுவது இங்கேதான்: அது உள்ளளவு. 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் வெளியே 46 × 36 × 26 செ.மீ. வைத்து அடித்தால் வெளிக்கணக்கு 43 லிட்டர், உள்ளே 31 கூட இருக்காது. வூஃபரின் பின்பக்கம் அடைக்கும் இரண்டு மூன்று லிட்டரையும் கழித்தால் சுமார் 28, அதாவது ஒரு கன அடி.

மூட்டில் மரப்பசையைத் தாராளமாகத் தடவுங்கள். திருகுக்கு முன் சிறு துளை போடாவிட்டால் பலகை ஓரம் இதழ் இதழாகப் பிளக்கும்; என் முதல் பெட்டி அப்படித்தான் வீணானது. உள்மூலைகளில் சிலிக்கான் பூசி, அந்தப் புளிப்பு வாடை போனபிறகே வூஃபரை மாட்டுங்கள். அப்புறம் பாட்டை ஓடவிட்டு மூட்டோரம் ஊதுபத்தியை நகர்த்துங்கள். புகை துடிக்கும் இடத்தில் காற்று கசிகிறது.

டிக்கியில் சும்மா வைக்காதீர்கள், எல் வடிவக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். திடீர் பிரேக்கில் அந்தக் கனம் பின்சீட்டில் இருப்பவர் மேல்தான் பாயும். ஆம்ப்ளிஃபயர் வயரில் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் கட்டாயம். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய கார் பாடித் தகட்டில் முடுக்குங்கள்.