உள் அறையில் இருக்கும் சாட்சி

கேள்வி: எனக்கு வயது 47. பதினோரு வருஷமாக ஒரே சபைக்குப் போகிறோம். வெள்ளிக்கிழமைதோறும் ஆறு குடும்பங்கள் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் ஜெபக்கூட்டம் நடத்துகிறோம். பாட்டு, வேதபாடம், சாட்சி, ஜெபம் எல்லாம் உண்டு. உண்மையான ஐக்கியம் மட்டும் இல்லை. யாரும் மனசு திறந்து பேசுவதில்லை. சாட்சி என்றால் வேலை கிடைத்தது, வீடு கட்டினோம், பிள்ளை பாஸ் பண்ணினான் என்பதோடு சரி. போன வருஷம் எனக்கு வேலை போய் நாலு மாதம் வீட்டில் இருந்தேன். அதைக்கூட அங்கே சொல்லத் தைரியம் வரவில்லை. எங்கள் வீட்டு முறை வந்தால் வேறு ஒரு சிரமம். அப்பா இறந்தபின் அம்மா எங்களோடுதான் இருக்கிறார், 78 வயது. எனக்கு ஒரு தங்கை இருந்தாள். அவள் காய்ச்சலில் கிடந்த ராத்திரியைப் பற்றியே அம்மா ஒவ்வொரு தடவையும் ஆரம்பித்துவிடுவார். கூட்டமே திசைமாறிவிடும். என் மனைவிக்கும் சங்கடம். அதனால் இப்போதெல்லாம் முன்னதாகவே சாப்பிட வைத்து உள் அறையில் படுக்க வைத்துவிடுகிறோம். அது போகட்டும். கூட்டத்தை விட்டுவிட்டு, ஞாயிறு ஆராதனையை போனில் பார்த்துக்கொண்டு, வீட்டிலேயே குடும்பமாக ஜெபித்தால் போதாதா? இரண்டு பேராவது மூன்று பேராவது கூடினால் நடுவில் இருப்பேன் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே? இல்லை, வேறு சபை தேடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. கூட்டத்தில் உயிர் இல்லை, எல்லாரும் மேலோட்டமாகவே பேசுகிறார்கள், நான் ஒருவன்தான் ஏங்கிக்கொண்டிருக்கிறேன் என்று பலர் எழுதுகிறார்கள். கையெழுத்துதான் மாறும். இவர்களுக்கெல்லாம் பொறுமையாய் இருங்கள், ஜெபியுங்கள், காலம் மாறும் என்று நான் எழுதியதும் உண்டு. உங்களுக்கு அப்படி எழுத மனசு வரவில்லை. அம்மாவை உள் அறையில் படுக்க வைக்கிறோம் என்று எழுதிய கையோடு, அது போகட்டும் என்று போட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

மணி ஆறரைக்குச் சாப்பாடு கொடுத்துவிடுவீர்கள். அம்மாவுக்கு அது பசிக்கிற நேரமாக இருக்காது. ஆனால் இன்றைக்கு வெள்ளிக்கிழமை, நம் வீட்டு முறை என்று அவருக்குத் தெரியும். நாற்காலிகளை இழுக்கிற சத்தம் கேட்கும். கதவு சாத்தப்படும். அப்புறம் முதல் பாட்டு ஆரம்பிக்கும். அந்தப் பாட்டை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவராக இருக்கலாம். கதவுக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அவரும் கூடவே பாடுகிறாரா, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாரா? எழுந்து போய்ப் பார்த்ததுண்டா?

கூட்டம் திசைமாறிவிடும் என்கிறீர்களே, அது எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது? வேலை கிடைத்தது, வீடு கட்டினோம், பாஸ் பண்ணினான் என்கிற திசையில்தானே? அது பிடிக்கவில்லை என்றுதானே எனக்கு எழுதினீர்கள்?

இன்னொன்று. 'எனக்கு ஒரு தங்கை இருந்தாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ராத்திரி எப்படி முடிந்தது என்றும் இல்லை. அந்தக் குழந்தை பிழைக்கவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். பிழைத்திருந்தால் அம்மாவின் கதை சுகமான சாட்சியாக இருந்திருக்கும். 'பாட்டிம்மா, அதைச் சொல்லுங்கள்' என்று கூட்டமே கேட்டு வாங்கியிருக்கும், எத்தனை தடவை சொன்னாலும் அல்லேலூயா சொல்லியிருப்பீர்கள். வேலை கிடைத்த கதையை வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்குத் 'திரும்பத் திரும்ப' என்பது ஒரு காரணமே இல்லை. அம்மா ராத்திரி முழுக்க ஜெபித்தார், விடிந்தது, பிள்ளை இல்லை. அதைச் சொல்லி முடித்தால் கூட்டத்துக்கு அடுத்து என்ன பாட்டுப் பாடுவது என்று தெரியவில்லை. சங்கடம் அங்கேதான் இருக்கிறது.

இப்போது உங்கள் வேலை விஷயத்துக்கு வருகிறேன். நாலு மாதம் வேலை இல்லாமல் இருந்ததைச் சொல்லத் தைரியம் வரவில்லை என்கிறீர்கள். எப்படி வரும்? முடிவு நல்லபடியாக இல்லாத கதையைச் சொல்கிறவருக்கு உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியுமே! மற்ற ஐந்து குடும்பங்களுக்கும் தெரியும். பாட்டிம்மா எங்கே என்று முதல் தடவை யாராவது கேட்டிருப்பார்கள். தூங்குகிறார் என்று சொல்லியிருப்பீர்கள். அதற்கப்புறம் கேட்டிருக்கமாட்டார்கள். அந்த ஐந்து வீட்டிலும் ஆளுக்கொரு துக்கம் இருக்கும், தம்பி. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை உங்கள் முன் அறையில் உட்கார்ந்து, அந்தச் சாத்திய கதவைப் பார்த்துவிட்டு, தங்கள் துக்கத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறார்கள். யாரும் மனசு திறப்பதில்லை என்று அவர்களைக் குறை சொல்கிறீர்கள்.

வேதத்தில் சோகமான சாட்சிக்கு இடமில்லை என்று நம் ஆட்கள் எங்கே படித்தார்களோ தெரியவில்லை. 88-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பலவற்றில் கடைசியிலாவது ஒரு துதி எட்டிப்பார்க்கும். இதில் அதுவும் கிடையாது. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக்கிவிட்டீர் என்கிற முறையீட்டோடு நின்றுவிடுகிறது. தலைப்பைப் பாருங்கள், கோராகின் புத்திரரின் பாட்டு, இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது. அதாவது தனியாக அழுவதற்கு எழுதி வைத்ததை அல்ல, சபை கூடிப் பாடுவதற்குக் கொடுத்ததைத்தான் நாம் கையில் வைத்திருக்கிறோம்.

நகோமியையும் நினைத்துப் பாருங்கள். புருஷனையும் இரண்டு மகன்களையும் புதைத்துவிட்டு பெத்லகேமுக்குத் திரும்பி வருகிறாள். ஊர்ப் பெண்கள் வந்து, இவள் நகோமியோ என்கிறார்கள். அவள் என்ன நல்ல வார்த்தையா சொன்னாள்? என்னை மாராள், அதாவது கசப்பானவள் என்று கூப்பிடுங்கள், 'நான் நிறைவுள்ளவளாய்ப் போனேன்; கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார்' என்றாள். நடுத்தெருவில் சொன்ன சாட்சி அது. அப்படிப் பேசாதே என்று யாரும் வாயை அடைத்ததாக எழுதியில்லை. ரூத் புத்தகம் நாலாம் அதிகாரத்தில் மருமகள் ரூத்துக்குப் பிள்ளை பிறந்தபோது நகோமியைச் சுற்றி நிற்கிறவர்களும் ஊர்ப் பெண்கள்தான். ஓபேத் என்று பெயர் வைத்தது அவர்கள்தான். அவளுடைய கசப்பைக் கேட்ட ஊர்தான் பிள்ளையைப் பார்க்கவும் வந்து நின்றது. ஐக்கியம் என்று நீங்கள் தேடுவது இதைத்தானே?

நான் போய்க்கொண்டிருந்த ஒரு சிறு கூட்டத்தில், வருஷங்களுக்கு முன்னால், அதிகம் பேசாத ஒருவர் சாட்சிக்கு எழுந்தார். பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே நின்றார். 'எல்லாரும் ஜெபித்தீர்கள். அவள் போய்விட்டாள். எனக்கு ஆண்டவர் மேல் கோபம். ஆனாலும் வருகிறேன்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். நடத்துகிறவர் அவசரமாக ஒரு பாட்டை எடுத்தார். முதல் வரி முடிவதற்குள், பின்னால் இருந்த ஒரு அக்கா, 'கொஞ்சம் பொறுங்கள்' என்று கையைக் காட்டினார். பாட்டு நின்றது. சுருண்டுபோன அந்தப் பக்கத்தைச் சாட்சி சொன்னவர் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார், அது நிமிரவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து இன்னொருவர், தன் மகன் வீட்டுப் பக்கமே வராமல் மூன்று வருஷம் ஆகிறது என்றார். எங்கள் யாருக்கும் அது தெரியாது. பத்து மணிக்கு மேல்தான் அன்றைக்குக் கலைந்தோம். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களோடு இன்றைக்கும் எனக்குப் பேச்சுவார்த்தை இருக்கிறது.

வீட்டுக் கூட்டம் என்பதற்கே ஒரு பழைய கதை உண்டு. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்களுக்கு ஜெபவீடு கட்டிய கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, பன்னிரண்டு பேருக்கு ஒரு பொறுப்பாளர், அவர் வீடு வீடாகப் போய் வசூலிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். காசு வாங்கப் போனவர்கள் வீட்டுக்குள் இருக்கிற நிலைமையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள், சிலர் வாழவேண்டிய விதத்தில் வாழவில்லை என்று. இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று வெஸ்லிக்குப் பட்டது. வசூல் ஏற்பாடு, வாரந்தோறும் ஒவ்வொருவருடைய ஆத்துமா எப்படியிருக்கிறது என்று கேட்கிற கூட்டமாக ஆயிற்று. வீட்டுக்குள் வருகிறவர்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். நீங்கள் முன் அறையை மட்டும் காட்டுகிறீர்கள்.

அம்மாவை அப்படி வைப்பது ஜெபத்துக்காகத்தானே என்று உங்கள் மனசு சமாதானம் சொல்லும். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவர் பரிசேயரைக் கடிந்துகொண்டது இதற்குத்தான். தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதை 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். அவர்களும் பக்திக் காரணம்தான் சொன்னார்கள். அம்மாவுக்குச் சேரவேண்டியது சாப்பாடும் மருந்தும் மட்டும் என்று நினைக்காதீர்கள். கூட்டத்தில் ஒரு இடமும், அவர் பேசும்போது கேட்கிற காதும் அதில் சேர்த்தி. விதவைகளைப் பற்றி எழுதுகிற இடத்தில்தான் பவுல், தன் வீட்டாரை விசாரியாமற்போனால் அவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்கிறார், முதலாம் தீமோத்தேயு ஐந்தாம் அதிகாரம். நம் தமிழ் வேதத்தில் அந்த வார்த்தை எவ்வளவு பொருத்தமாக விழுந்திருக்கிறது பாருங்கள். விசாரிப்பது என்றால் பராமரிப்பது, விசாரிப்பது என்றால் கேட்பதும்கூட. முதலாவதைச் செய்கிறீர்கள். இரண்டாவது இல்லை.

மனைவிக்குச் சங்கடம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். அம்மா உங்கள் அம்மா. தங்கையும் உங்கள் தங்கைதான். அந்த ராத்திரியைப் பற்றிப் பேச உங்களுக்குப் பயம் இருந்தால் உங்கள் பயம் என்றே சொல்லுங்கள், மருமகள் தலையில் வைக்க வேண்டாம்.

உங்கள் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேராவது மூன்று பேராவது என்கிற வசனம் மத்தேயு 18-ல் இருக்கிறது. அதற்கு மேலே ஐந்து வசனம் தள்ளிப் படியுங்கள். குற்றம் செய்த சகோதரனிடம் நேரில் போய்ப் பேசி அவனைத் திரும்ப ஆதாயப்படுத்துவதைப் பற்றியது அந்தப் பகுதி. ஆட்களிடமிருந்து ஒதுங்குவதற்கு அது அனுமதிச் சீட்டு இல்லை. போனில் ஆராதனை பார்ப்பது படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஒரு வரம், உங்களுக்குக் கால் நன்றாக இருக்கிறது. வேறு சபைக்குப் போகலாமா என்றால், இப்போது போகாதீர்கள். எங்கே போனாலும் அங்கேயும் ஒரு வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டு முறை வரும், அன்றைக்கும் அந்தக் கதவைச் சாத்துவீர்கள்.

முதலில் செய்யவேண்டியது கூட்டத்தில் இல்லை. இந்த வாரத்திலேயே ஒரு ராத்திரி அம்மா பக்கத்தில் போய் உட்காருங்கள். போனை வேறு அறையில் வையுங்கள். அந்தக் கதையை நீங்களாகக் கேளுங்கள். ஏற்கனவே தெரிந்ததுதானே என்று தலையாட்டாமல், இதுவரை கேட்காத ஒன்றைக் கேளுங்கள். அன்றைக்கு யார் கூட இருந்தார்கள்? சபையிலிருந்து யாராவது வந்தார்களா? நான் எங்கே இருந்தேன்? மறுநாள் காலையில் என்ன செய்தீர்கள்? ஒரே கதையை இத்தனை வருஷம் சொல்கிறவரிடம், கேட்டவர்கள் யாரும் ஒரு கேள்விகூடத் திருப்பிக் கேட்டிருக்கமாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேறு விஷயங்களையும் அவர் மறக்கிறார், சொன்னதையே அரைமணி நேரத்தில் மறுபடி சொல்கிறார் என்றால் ஒரு மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். அது தனி வேலை. மறதி வந்தவர் என்றாலும் கதவைச் சாத்த அது காரணம் ஆகாது.

அடுத்து உங்கள் வீட்டு முறை வரும் வெள்ளிக்கிழமை, அம்மாவின் நாற்காலியை உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் போடுங்கள். சாட்சி நேரத்தில் முதலில் நீங்கள் பேசுங்கள், அந்த நாலு மாதத்தைப் பற்றி. புது வேலை கிடைத்ததா இல்லையா என்று கடிதத்தில் இல்லை. கிடைத்திருந்தாலும் அதை அன்றைக்குச் சொல்ல வேண்டாம். காலையில் எழுந்து போக இடமில்லாமல் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். அப்புறம் அம்மா ஆரம்பித்தால் ஆரம்பிக்கட்டும். முடித்ததும் யாராவது பாட்டு எடுத்தால், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்கிற பொறுப்பு உங்களுடையது.

என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் பெயர் இந்தத் தடவையும் வேண்டாம். தங்கையின் பெயரை மட்டும் எழுதுங்கள்.