சும்மா கொடுக்கிற காசு

கேள்வி: நாடு பட்ட கடனைக் கட்ட வழியில்லாமல் நிற்கிறது. செலவைக் குறை என்று சர்வதேச நாணய நிதியம் சொல்கிறது. இந்த நேரத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அஸ்வெசும என்று மாதா மாதம் சும்மா காசு கொடுப்பது சனத்தைச் சோம்பேறி ஆக்குகிற வேலை இல்லையா? எங்கள் பக்கம் தோட்டத்துக்குக் கூலிக்கு ஆள் பிடிக்க முடியவில்லை. அதோடு, எங்கள் ஒழுங்கையிலேயே வெளிநாட்டுக் காசு வருகிற வீடு ஒன்று அதை எடுக்கிறது. பாராளுமன்றத்தில் இதைப் பற்றி ஏன் ஒருவரும் துணிந்து கதைப்பதில்லை?
— ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர், கோண்டாவில்

பதில்: ஐயா, நீங்கள் சொன்ன ஒழுங்கை வீட்டு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கணக்கு.

2025 வரவு செலவுத் திட்டத்தில் அஸ்வெசுமவுக்கு ஒதுக்கியது 232.5 பில்லியன் ரூபா. அதே ஆண்டில் கடன் வட்டிக்கு மட்டும் போட்டிருந்த தொகை ஏறத்தாழ 2,950 பில்லியன். நாளைக்கே அஸ்வெசுமவை முழுதாக நிறுத்தி, நாட்டில் ஒரு ஏழைக்கும் ஒரு சதமும் கொடுக்காமல் விட்டாலும், மிஞ்சுகிற காசு ஒரு மாத வட்டிக்குக்கூடக் காணாது. அரசாங்கத்தின் வருமானத்தில் பாதிக்கு மேல் வட்டிக்கே போகிற நாட்டில், கடனுக்குக் காரணம் தேடி அஸ்வெசும எடுக்கிற குடும்பங்களின் படலையைத் தட்டுவது வசதியான வேலை. அவர்கள் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

கஜானா எப்படி வெறுமையானது என்று பார்த்தால், 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு இறக்கப்பட்டது. வேறு வரிகளும் கூடவே வெட்டப்பட்டன. பெரிய வியாபாரிகளும் நல்ல சம்பளக்காரரும் ஆறுதலாக மூச்சு விட்டார்கள். அதைச் 'சும்மா கொடுத்த காசு' என்று அப்போது எத்தனை பேர் சொன்னார்கள்? 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்தது. அதன்பின் அதே வரி 12, 15 என்று ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது. இந்த 18 வீதத்தை சவர்க்காரத்துக்கும் காஸ் சிலிண்டருக்கும் கட்டுகிறவர்களில் அஸ்வெசும எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு கையால் கொடுத்ததில் ஒரு பங்கை அரசாங்கம் மறு கையால் எடுத்துக்கொள்கிறது.

நாணய நிதியம் செலவைக் குறைக்கச் சொல்கிறது என்பதும் பாதிதான் சரி. 2023 மார்ச்சில் ஒப்புக்கொண்ட திட்டத்தில், சமூக நலச் செலவு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு அடிமட்டம் போட்டிருக்கிறது. நிதியத்தை நான் தருமவான் ஆக்கவில்லை. மின்கட்டணத்தைச் செலவுக்கு ஏற்ப ஏற்று, வரியைக் கூட்டு என்று சொன்னதும் அதே நிதியம்தான். அந்த அடியில் சனம் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த அடிமட்டம். ஆகவே 'நிதியம் சொல்லித்தான் ஏழைகளின் காசை வெட்டுகிறோம்' என்று எந்த அரசியல்வாதி சொன்னாலும் நம்பாதீர்கள்.

இனிச் சோம்பேறிக் கதை. 2025 ஜனவரியிலிருந்து 'வறியோர்' என்ற வகுப்புக்கு மாதம் 10,000 ரூபா, 'மிக வறியோர்' என்ற வகுப்புக்கு 17,500. ஒரு ஆளுக்கு இல்லை, ஒரு குடும்பத்துக்கு. வீட்டில் நாலு பேர் என்றால், 10,000 ரூபா ஒருவருக்கு ஒரு நாளைக்கு 83 ரூபா ஆகிறது. 83 ரூபாவை நம்பி வேலைக்குப் போகாமல் படுத்திருக்கிற மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஒருவர் மாதம் உயிர் வாழ 16,000 ரூபாவுக்கு மேல் வேண்டும் என்று அரசாங்கத்தின் தொகைமதிப்புத் திணைக்களமே கணக்கிட்டிருக்கிறது.

தோட்டத்துக்கு ஆள் கிடைக்காதது உண்மை. ஆனால் அந்த ஆள் எங்கே போனார்? பெடியன்களில் பாதி கட்டாரிலும் கனடாவிலும். மிச்சப் பேர், வருடத்தில் சில மாதம் மட்டும் இருக்கிற வெங்காயத் தோட்டக் கூலியை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்று கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். கூலியைக் கூட்டிப் பாருங்கள், ஆள் வரும். (கூட்டினால் தோட்டக்காரருக்குக் கட்டாது என்பதும் எனக்குத் தெரியும். அது உரத்தினதும் சந்தையினதும் பிரச்சினை, அஸ்வெசுமவினது இல்லை.)

கோபிக்க மாட்டீர்கள் என்றால் இன்னொன்று. நீங்கள் எடுக்கிற ஓய்வூதியமும் அதே திறைசேரியிலிருந்துதான் வருகிறது. விதவைகள் அநாதைகள் நிதிக்குச் சம்பளத்தில் கழித்திருப்பார்கள். ஓய்வூதியத்துக்கென்று ஒரு சதமும் கழிக்கவில்லை. அந்த மொத்தச் செலவு அஸ்வெசுமவை விடப் பெரியது. அதை வெட்டு என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். முப்பது வருடம் உழைத்தவருக்கு அது உரிமை. களத்தில் நெல்லடித்தும் கடலில் வலை இழுத்தும் முப்பது வருடம் உழைத்தவருக்கு அப்படி ஒன்றும் இல்லை என்பதுதான் வித்தியாசம். எழுபது கடந்த அந்த ஆளுக்கு முதியோர் கொடுப்பனவு என்று நெடுங்காலம் கிடைத்தது மாதம் 2,000 ரூபா.

உண்மையில் சண்டை பிடிக்க வேண்டிய இடம், யார் ஏழை என்று புள்ளி போடுகிற இடம். அஸ்வெசுமவுக்கு முந்திய சமுர்த்தி நிவாரணக் காலத்தில் பட்டியலில் பேர் வர உத்தியோகத்தரின் தயவும் கட்சிக்காரரின் தயவும் வேண்டும் என்ற குற்றச்சாட்டு எப்போதும் இருந்தது. அதை மாற்றத்தான் 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று 22 குறிகாட்டிகள் வைத்தார்கள். யார் ஏழை என்பதை இனிக் கணினி சொல்லும். நினைப்பு நல்லதுதான். 2023 நடுப்பகுதியில் பட்டியல் வெளிவந்தபோது பிரதேச செயலகங்களின் வாசலில் சனம் கூடியதையும், நாடு முழுவதும் மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்ததையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

வடக்கில் இந்தப் புள்ளிமுறை சறுக்குவதற்குத் தனிக் காரணம் உண்டு. போர் முடிந்தபின் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுத்தார்கள். அது காணாமல் நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, சீமெந்துச் சுவரும் ஓட்டுக்கூரையுமாக வீட்டைக் கட்டி முடித்த குடும்பங்கள் எத்தனை. புருஷன் போரில் இறந்த அல்லது காணாமல் போன ஒரு பெண், அந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு மா இடித்து விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். கணக்கெடுக்க வருகிறவரின் படிவத்தில் சுவர் கல், தரை சீமெந்து, மலசலகூடம் உண்டு, மின்சாரம் உண்டு. எல்லாக் கூட்டிலும் வசதி என்று விழும். அடகுக் கடைச் சிட்டைக்கு அந்தப் படிவத்தில் என்ன இடம்? ஒரு நிவாரணம் கொடுத்த வீடு இன்னொரு நிவாரணத்தை மறிக்கிறது.

கடற்கரைப் பக்கமும் அப்படித்தான். மருதங்கேணியிலோ குருநகரிலோ ஒருவரிடம் வள்ளமும் இயந்திரமும் இருந்தால் பார்வைக்கு அது சொத்து. 2022 ஓகஸ்டில் அந்த இயந்திரத்துக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனபோது, அந்தச் சொத்து மணலில்தான் கிடந்தது.

பாராளுமன்றத்தில் துணிந்து கதைப்பதில்லை என்கிறீர்கள். வெட்டுகிறோம் என்று வெளியே சொல்ல எவரும் துணிவதில்லை என்பது சரி. அதற்குப் பழைய காரணம் இருக்கிறது. 1953இல் நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர். ஜயவர்தன பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்ற, ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடே ஆடியது. பிரதமர் டட்லி சேனநாயக்க அந்த ஆண்டு முடிய முன்னரே பதவி விலகினார். அந்தப் பாடத்தை அடுத்து வந்தவர்கள் நன்றாகப் படித்தார்கள். 1979இல் கூப்பன் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையில் எழுதியிருந்த ரூபா மாறவில்லை, கடையில் விலை ஏறிக்கொண்டே போனது. சில வருடத்தில் அதே முத்திரைக்குக் கிடைத்த அரிசி சுருங்கிவிட்டது. யாரும் எதையும் வெட்டியதாக அறிவிக்கவில்லை, ஆனபடியால் யாரும் ஹர்த்தாலும் செய்யவில்லை.

அஸ்வெசுமவுக்கும் அந்தக் கத்திதான் காத்திருக்கிறது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். உணவு விலை அதற்கு முந்திய வருடத்தை விடக் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அந்த விலைகள் பின்னர் ஏறும் வேகம்தான் குறைந்தது, பழைய இடத்துக்கு இறங்கவில்லை. இடையில் ஒருமுறை கூட்டினார்கள், நல்லது. அடுத்தமுறை கூட்டுவது அமைச்சரின் மனதைப் பொறுத்தது. விலைவாசிச் சுட்டெண் ஏறினால் கொடுப்பனவும் தானாக ஏற வேண்டும் என்று சட்டத்தில் எழுது என, யாழ்ப்பாணத்திலிருந்து போன உறுப்பினர்கள் ஒவ்வொரு வரவு செலவு விவாதத்திலும் கேட்டால் அதுதான் நீங்கள் எதிர்பார்க்கிற துணிச்சல். 'வறியோர்', 'மிக வறியோர்' தவிர, வறுமை குறைந்த மற்ற இரண்டு வகுப்புகளுக்கும் கொடுப்பனவு தொடங்கும்போதே முடிவுத் திகதி போட்டிருந்தார்கள். அப்புறம் நீட்டினார்கள். இப்படித் தவணை தவணையாக நீட்டுவது தேர்தல் காலத்தில் யாருக்கு உதவும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, உங்கள் ஒழுங்கை. வெளிநாட்டுக் காசு வருகிறது என்கிறீர்கள். எவ்வளவு, யாரிடமிருந்து, மாதா மாதமா, நல்லூர்த் திருவிழாவுக்கு ஒருமுறையா? பிறத்தியாருக்கு அது தெரியாது. ஆனாலும் தகுதியில்லாத குடும்பம்தான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால், ஆட்சேபனை கொடுக்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது. பட்டியல் வெளியாகும்போது பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுங்கள். நீங்கள் அரச உத்தியோகத்தராக இருந்தவர், கடிதம் எழுதத் தெரியும். அதே பயணத்தில், பட்டியலில் பேர் விடுபட்ட ஒருவரும் உங்கள் ஒழுங்கையில் இருப்பார். அவருடைய மேன்முறையீட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.