டி செல் அதிகமாக இருந்தும் அப்பச்சிக்கு ஏன் அடிக்கடி காய்ச்சல்?

காரைக்குடியில் இருக்கும் உங்கள் அப்பச்சிக்கு சிஎல்எல் என்னும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய், ரிப்போர்ட்டில் டி செல் (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணு) கூடுதலாகவே இருக்கிறது, அப்புறம் ஏன் மாதாமாதம் சளி, காய்ச்சல் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். இந்த நோயில் கெட்டுப்போவது பி செல், அதாவது கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடியைத் தயாரிக்கும் வெள்ளை அணு. அதை அடையாளம் கண்டு கொல்ல வேண்டியது டி செல். ஆனால் வருஷக்கணக்கில் அதே எதிரியோடு மல்லுக்கட்டி டி செல்கள் களைத்துவிடுகின்றன, பிடி-1 என்ற பிரேக் அவற்றின் மேல் கூடிவிடுகிறது. நம்ம பக்கத்துப் பெரிய வீட்டில் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை காவலுக்கு ஆள் இருந்தும், எல்லாரும் தூக்கமில்லாமல் அசந்து கிடந்தால் எப்படியோ அப்படி. இதைவிட மோசம், நிணநீர்க் கணுக்களில் உதவி டி செல்கள் சிடி40 லிகண்ட் என்ற புரதம் வழியாகப் புற்றுச் செல்லுக்கே வளரச் சொல்லி சிக்னல் கொடுக்கின்றன. நல்ல பி செல் குறைவதால் ஆன்டிபாடியும் குறையும். எல்லாம் சேர்ந்துதான் தொற்று.

இதே டி செல்லை வெளியே எடுத்து, புற்றுச் செல்லைத் தாக்கும்படி மரபணுவை மாற்றித் திரும்ப ஏற்றும் கார்-டி சிகிச்சையை 2010-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிஎல்எல் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். இரண்டு பேர் உடம்பில் அந்தச் செல்கள் 10 வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தன! எல்லாருக்கும் அப்படிப் பலிக்கவில்லை, எடுக்கும் டி செல்லே களைத்திருப்பது ஒரு முக்கியக் காரணம்.

சரி, இப்போதைக்கு, எதிர்ப்புச் சக்திப் பொடி எதையும் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் என்றால் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.