டிஎன்ஏ சேதமடைந்தால் பி53 என்ற, புற்றைத் தடுக்கும் புரதம் கூடுகிறது, ஆனால் அதன் ஆர்என்ஏ (அதை உண்டாக்க மரபணுவிலிருந்து எடுக்கும் படி) கூடுவதில்லை. ஏன்? இதைச் சோதனையில் எப்படிக் காட்டுவது?

ஆர்என்ஏ ஏறாமல் புரதம் மட்டும் ஏறுகிறது என்றால், பெரும்பாலும் வரத்து கூடவில்லை, வெளியேறும் மடை அடைபட்டிருக்கிறது என்று பொருள். சாதாரண செல்லிலும் பி53 ஓயாமல் உற்பத்தியாகிறது. எம்டிஎம்2 என்ற புரதம் அதைப் பிடித்து, யூபிக்குவிட்டின் என்ற சிறு புரதங்களின் சங்கிலியை ‘அழி’ என்ற அடையாளமாக மாட்டிவிட, செல்லின் புரத அரவை இயந்திரமான புரோட்டியாசோம் அரைத்துத் தள்ளுகிறது. அரை ஆயுள் (இருப்பதில் பாதி அழிய ஆகும் நேரம்) ஏறத்தாழ 20 நிமிடம்தான். உற்பத்தி மாறாமல் அது 120 நிமிடமானால், நிலையான அளவு 6 மடங்காகும். புதிதாகப் படியெடுக்கத் தொடங்கிக் காத்திருக்க வேண்டியதில்லை. வீண்செலவு போலத் தோன்றும் இந்த ஏற்பாட்டின் லாபம் அந்த வேகம்தான்.

பிடிப்பு நடக்கும் இடம் மிகச் சிறியது. பி53-இன் முன்முனையில் உள்ள பினைலலனின் 19, டிரிப்டோபேன் 23, லூசின் 26 ஆகிய மூன்று அமினோ அமிலங்களும் (எண் சங்கிலியில் அவற்றின் இடம்) எம்டிஎம்2-இன் நீர்வெறுப்புக் குழிக்குள் பொருந்துகின்றன. டிஎன்ஏ உடைந்ததும் ஏடிஎம் கைனேஸ் என்ற நொதி பி53-இன் செரின் 15-இல் பாஸ்பேட் வைக்கிறது. அதனால் பிடி விட்டுப்போகிறது என்று பாடநூல்கள் சுருக்கிச் சொல்லிவிடும். உண்மையில் அந்த ஒரு பாஸ்பேட் பிடியைப் பெரிதாகத் தளர்த்துவதில்லை. அதைத் தொடர்ந்து திரியோனின் 18-இல் ஏறுவதுதான் வலுவாகத் தளர்த்துகிறது. ஏடிஎம் எம்டிஎம்2-ஐயும் நேரடியாக மாற்றி முடக்குகிறது. தப்பிய பி53 செய்யும் முதல் வேலைகளில் ஒன்று எம்டிஎம்2 மரபணுவையே முடுக்கிவிடுவது. அதனால்தான் அளவு ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிறது.

சோதனைக்கு வருவோம். புரத உற்பத்தியைச் சைக்ளோஹெக்சிமைடால் (மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம்) நிறுத்தி, 0, 10, 20, 30, 45, 60 நிமிடங்களில் செல்களை எடுத்து வெஸ்டர்ன் பிளாட் (ஒரு புரதத்தை ஆன்டிபாடியால் பேண்டாகக் காட்டும் முறை) செய்யுங்கள். பி53 பேண்டின் அடர்த்தியை, ஒப்பீட்டுக்கான ஆக்டின் புரதத்தின் அடர்த்தியால் வகுத்து, அதன் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் வரும் சாய்வின் எண்மதிப்பால் 0.693-ஐ வகுக்க அரை ஆயுள் கிடைக்கும். இங்கே ஒரு பொறி உண்டு: எம்டிஎம்2-உம் குறைந்த ஆயுள் கொண்டதுதான். உற்பத்தி நின்றதும் அதுவும் கரைவதால், பிந்தைய நேரங்களில் பி53 மெதுவாகச் சிதையும். கோடு வளைந்தால் முதல் சில புள்ளிகளை மட்டும் நம்புங்கள்.

யூபிக்குவிட்டின் ஏணியை (சங்கிலி நீள நீள மேலே அடுக்கடுக்காகத் தெரியும் பேண்டுகளை) பார்க்க, புரோட்டியாசோமைத் தடுக்கும் எம்ஜி132-ஐ 10 மைக்ரோமோலார் அளவில் 4 மணி நேரம் கொடுங்கள். அதைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட கட்டுப்பாடு அவசியம். செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரில் 5 முதல் 10 மில்லிமோலார் என்-எத்தில்மாலிமைடு சேர்க்காவிட்டால், சங்கிலியைக் கழற்றும் நொதிகள் டியூபிலேயே ஏணியை அழித்துவிடும். அதே பஃபரில் டிடிடி போட்டால் அது மாலிமைடைச் செயலிழக்க வைக்கும்.

பலரைத் திணறடிப்பது ஆன்டிபாடி. வெஸ்டர்னுக்கு அருமையான டிஓ-1, பி53-இல் ஒட்டும் பகுதி ஏறத்தாழ 20 முதல் 25 வரையிலான அமினோ அமிலங்கள். எம்டிஎம்2 அமரும் இடமும் அதுவே! டிஓ-1 வைத்து செல்சாற்றிலிருந்து பி53-ஐ இழுத்துவிட்டு, கூடவே எம்டிஎம்2 வரவில்லை, இரண்டும் சேர்வதே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மறுபக்கத்திலிருந்து, குழிக்கு வெளியே ஒட்டும் எம்டிஎம்2 ஆன்டிபாடியால் இழுங்கள்.

நட்லின்-3 என்ற மருந்து (10 மைக்ரோமோலார்) எம்டிஎம்2-இன் அந்தக் குழியை அடைத்துக்கொள்கிறது. டிஎன்ஏ சேதம் இல்லாமலே பி53 ஏறும், செரின் 15 பாஸ்பேட் தெரியாது. எம்டிஎம்2 பேண்டும் சேர்ந்து தடிக்கும். அது மருந்து தோற்றதன் அடையாளமல்ல, பி53 வேலை செய்கிறது என்பதற்கான சாட்சி.

இவை எல்லாவற்றுக்கும் ஆய்வகத்தில் வளர்க்கும் எச்சிடி116 அல்லது யூ2ஓஎஸ் செல்களை எடுங்கள். ஹீலா வேண்டாம், அதில் பாப்பிலோமா வைரஸின் ஈ6 புரதம் வேறு வழியில் பி53-ஐ அழிப்பதால் நட்லினுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. எச்இகே293டி செல்களிலோ பெரிய டி ஆன்டிஜென் என்ற வைரஸ் புரதம் பி53-ஐக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும், மருந்து போடும் முன்பே பேண்ட் கறுப்பாக வரும்.