கிழிந்த இறக்கை, தொலைந்த பை: விண்வெளி நிலையம் பற்றி வாசகர்கள் கேட்டவை

2007 அக்டோபர் 23 அன்று புறப்பட்டு நவம்பர் 7 அன்று தரையிறங்கிய எஸ்.டி.எஸ்-120 பயணம், அதாவது அமெரிக்காவின் டிஸ்கவரி விண்வெளி ஓடம் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய்வந்த பயணம் பற்றித்தான் பெரும்பாலான கேள்விகள் வந்திருக்கின்றன. எனக்கும் அதில் தனி ஈடுபாடு உண்டு. கட்டுமானம், பழுது, திடீர்ச் சிக்கல் மூன்றும் ஒரே பதினைந்து நாளில் நடந்த பயணம் அது. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இவ்வளவு பெரிய நிலையத்தைத் துண்டு துண்டாக ஏன் கொண்டுபோனார்கள்? மேலே போய் வெல்டிங் செய்தார்களா?

பதில்: நிலையத்தின் எடை இன்று 400 டன்னுக்கு மேல். ஓடத்தின் சரக்கு அறையோ சுமார் 18 மீட்டர் நீளம், 4.6 மீட்டர் விட்டம் கொண்டது. அதற்குள் அடங்குவது எதுவோ, அதுதான் ஒரு துண்டின் அளவு. 1998 நவம்பர் 20 அன்று ரஷ்யாவின் புரோட்டான் ராக்கெட் பைகோனூரிலிருந்து ஸார்யா என்ற முதல் துண்டை ஏற்றியது. இரண்டு வாரம் கழித்து எண்டவர் ஓடம் யூனிட்டி என்ற அமெரிக்க அறையைக் கொண்டுபோய் அதனுடன் சேர்த்தது. முழு நிலையத்தையும் பூமியில் ஒருமுறை பூட்டிப் பார்க்க வாய்ப்பே இருக்கவில்லை. ஒரு நாட்டில் செய்த துண்டு இன்னொரு நாட்டில் செய்த துண்டை வானத்தில்தான் முதன்முதலாகத் தொட்டது.

வெல்டிங் கிடையாது. எல்லாம் போல்ட், கொக்கி, மின் இணைப்புதான். அறைகளை இணைக்கும் வளையத்தில் முதலில் நான்கு கொக்கிகள் பிடித்து இழுக்கும். பிறகு மோட்டாரால் சுழலும் 16 போல்ட்டுகள் இறுக்கும். வெல்டிங்கைச் சோவியத் நாடு சோதித்துப் பார்த்ததுண்டு. 1984 ஜூலையில் சல்யூட்-7 நிலையத்துக்கு வெளியே ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா எலக்ட்ரான் கற்றைக் கருவியால் உலோகத்தை வெட்டினார், ஒட்டினார். விண்நடை சென்ற முதல் பெண்ணும் அவர்தான். ஆனால் உருகிய உலோகத் துளி அங்கி மீது பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். போல்ட்டே மேல் என்று விட்டுவிட்டதில் வியப்பில்லை.

கேள்வி: எடையே இல்லாத இடத்தில் 16 டன் பொருளைக் கையாலேயே தள்ளலாமே? எந்திரக் கை எதற்கு?

பதில்: தள்ளலாம். நிறுத்துவதுதான் பாடு. எடை போய்விட்டாலும் நிறை அப்படியே இருக்கிறது. 16 டன் பொருள் மெதுவாக நகர்ந்தாலும் அதன் வழியில் கையையோ காலையோ வைத்தால் நசுங்கிவிடும். அதனால் நகர்த்துவது எந்திரக் கை; கடைசிச் சில சென்டிமீட்டரில் கண்ணால் பார்த்து வழிசொல்வதும் போல்ட்டை முடுக்குவதும் மனிதர்.

கேள்வி: ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த சூரியத் தகடுகளைச் சுருட்டி, பெயர்த்து, வேறு இடத்தில் மாட்டியதாகப் படித்தேன். இது வீண் வேலை இல்லையா?

பதில்: வீண் இல்லை, முதலிலேயே போட்ட திட்டம். பி-6 என்ற அந்தத் தொகுதி 2000 டிசம்பரில் போனபோது, அது கடைசியாக இருக்க வேண்டிய இடமே இன்னும் கட்டப்படவில்லை. மின்சாரமோ உடனே தேவை. ஆகவே நிலையத்தின் உச்சியில் தற்காலிகமாக நிறுத்தினார்கள். பக்கவாட்டுச் சட்டங்கள் வளர்ந்த பிறகு இடது கோடிக்கு மாற்றுவதாக ஏற்பாடு. அந்த மாற்றத்தை முடித்தது எஸ்.டி.எஸ்-120.

ஆனால் சுருட்டும்போதே அது தொல்லை கொடுத்தது. சூரியத் தகடுகளை வரிசையாகக் கோத்த இறக்கை ஒவ்வொன்றும் விரிந்தால் சுமார் 35 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு பெட்டிக்குள் அடங்க வேண்டும். மடிப்புகள் நேராக விழுவதற்காக வளையங்கள் வழியே மெல்லிய வழிகாட்டிக் கம்பிகள் ஓடுகின்றன. ஆறு ஆண்டு வெயிலிலும் குளிரிலும் விரிந்தே கிடந்ததில், 2006 டிசம்பரில் 4-பி என்ற இறக்கையைச் சுருட்ட முயன்றபோது கம்பிகள் வளையங்களில் சிக்கிக்கொண்டன. அப்போதுதான் நிலையத்துக்கு வந்திருந்த சுனிதா வில்லியம்ஸும் ராபர்ட் கர்பீமும் வெளியே போய்ப் பெட்டியைக் கையால் உலுக்கிப் பார்த்தார்கள். கொஞ்சம் இறங்கியது, முழுதாக இறங்கவில்லை. திட்டத்தில் இல்லாத இன்னொரு விண்நடை சேர்த்து, கர்பீமும் சுவீடனின் கிறிஸ்டர் ஃபூகிள்சாங்கும் சிக்கல்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்ட பிறகே அது பெட்டிக்குள் போனது. பத்து மாதம் கழித்து விரிக்கும்போது கிழிந்ததும் இதே 4-பி தான்.

கேள்வி: கிழிந்த இறக்கையை அப்படியே விட்டிருந்தால் என்ன? பாதி மின்சாரமாவது வந்திருக்குமே?

பதில்: மின்சாரம் வந்துகொண்டுதான் இருந்தது. கிழிசலைவிட, பாதியில் நின்றதுதான் ஆபத்து. இறக்கையின் நடுவே ஓடும் கம்பம் முழுதாக நீண்டு, தகடுகள் இழுத்து விறைப்பாக நின்றால்தான் அதற்கு உறுதி. 2007 அக்டோபர் 30 அன்று சுமார் 80 விழுக்காடு விரிந்திருந்தபோது கிழிசலைக் கண்டு குழுவினர் நிறுத்தினார்கள். மேலும் விரித்தால் கிழிசல் பெரிதாகலாம். திரும்பச் சுருட்டினால் கம்பி வேறெங்கோ மாட்டலாம். அப்படித் தொங்கிக்கொண்டிருக்கும் இறக்கையோடு ஓடம் பிரிவது, நிலையத்தின் எஞ்சினை இயக்குவது எல்லாமே கவலைக்குரியவை. சரிசெய்ய முடியாவிட்டால் இறக்கையையே கழற்றி எறிய வேண்டிய நிலை வந்திருக்கும்.

கிழிசல் இரண்டு. பெரியது ஏறத்தாழ 90 செ.மீ. காரணம் பழைய கதைதான்: வழிகாட்டிக் கம்பி பிரிந்து முடிச்சாகி, தகட்டை இழுத்துக் கிழித்துவிட்டது.

பழுதுபார்ப்பது எப்படி என்பதைவிட அங்கே போய்ச் சேருவது எப்படி என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. கிழிசல் இருந்த இடத்தில் கைப்பிடி இல்லை, கால் வைக்க இடமில்லை. நிலையத்தின் எந்திரக் கைக்கும் எட்டவில்லை. ஓடத்திடம் இன்னொரு நீளக் கழி இருந்தது. 2003இல் கொலம்பியா ஓடம் விபத்துக்குள்ளான பின், ஓடத்தின் வெப்பத் தடுப்பு ஓடுகளைச் சோதிப்பதற்காகச் சேர்த்த 15 மீட்டர் கழி அது. நிலையத்தின் கை அந்தக் கழியைப் பற்ற, கழியின் நுனியில் டிஸ்கவரி குழுவின் ஸ்காட் பராஸின்ஸ்கி கால்களைப் பூட்டி நின்றார். கழி நுனியில் மனிதர் நின்று வேலை செய்யலாமா என்பதை 2006 ஜூலையில் பியர்ஸ் செல்லர்ஸும் மைக் ஃபோஸமும் சோதித்திருந்தது இப்போது கைகொடுத்தது. ஒரு குறை: நிலையத்தின் கையால் கழிக்கு மின்சாரம் தர முடியாது. அதன் நுனியிலுள்ள உணர்கருவிகள் குளிரில் கெடுவதற்குள் வேலையை முடித்துத் திருப்பித் தர வேண்டும்.

நவம்பர் 3 அன்று பராஸின்ஸ்கி அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே முக்கால் மணி நேரம் ஆனது. உள்ளே ஸ்டெஃபனி வில்சனும் டேனியல் டானியும் எந்திரக் கையை இயக்கினார்கள். இறக்கையின் அடியில் டக் வீலாக் நின்று, தகட்டுக்கும் பராஸின்ஸ்கிக்கும் இடைவெளி எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தனை நீட்டியும் வேலை கைக்கு எட்டும் எல்லையில்தான் இருந்தது. பராஸின்ஸ்கி நெடிய ஆள், கைகளும் நீளம். இந்த உயரத்தால் ரஷ்யாவின் சோயூஸ் கலத்தில் அடங்கமாட்டார் என்று 1990களில் அந்நாட்டின் மீர் விண்வெளி நிலையப் பயிற்சியிலிருந்து அவரை விலக்கியிருந்தார்கள்!

தையல் பொருள்களை நிலையத்துக்குள்ளேயே கிடைத்ததை வைத்துச் செய்தார்கள்: அலுமினியப் பட்டை, கம்பி, டேப். சட்டைக் கையின் பொத்தான் இணைப்பு மாதிரி, ஒரு துளையில் நுழைத்துத் திருப்பினால் மறுபக்கம் மாட்டிக்கொள்ளும் அமைப்பு. நீளமான கம்பி கிழிசலைத் தாண்டிப் போய் மறுமுனைத் துளையில் மாட்டும். தகட்டின் இழுவிசை முழுவதையும் இனி அந்தக் கம்பி தாங்கும். கிழிந்த இடத்துக்குச் சுமை போகாது. கிழிசலை ஒட்டவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இத்தகைய ஐந்து இணைப்புகளை மாட்டி, முடிச்சிட்ட கம்பியை வெட்டிவிட்டார். பிறகு உள்ளே இருந்தவர்கள் கொஞ்சம் விரிப்பது, நிறுத்திப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம் விரிப்பது என்று இறக்கையை முழு நீளத்துக்கும் கொண்டுவந்தார்கள். வெளியே இருந்த நேரம் மொத்தம் 7 மணி 19 நிமிடம். கிழிந்ததற்கும் சரிசெய்ததற்கும் இடையே நான்கு நாள்தான். என் பார்வையில் நிலையத்தின் வரலாற்றிலேயே சிறந்த பழுதுபார்ப்பு இதுதான். இன்னொன்றைச் சொல்வோர் எழுதுங்கள், படிக்கிறேன்.

கேள்வி: வேலை செய்யும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிட்டால் போதாதா?

பதில்: எதை நிறுத்துவது? வெயில் படும்வரை தகடு மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். அதற்கு சுவிட்ச் கிடையாது. 100 வோல்ட்டுக்கு மேல் ஓடும் பரப்பின் பக்கத்தில், தூய ஆக்சிஜன் நிரம்பிய அங்கிக்குள் ஒருவர் நிற்கிறார். ஆகவே கருவிகளையும் அங்கியின் வெளியே தெரியும் உலோக வளையங்களையும் காப்டன் என்ற மின்காப்பு டேப்பால் சுற்றினார்கள். இறக்கை அசைந்து அருகே வந்தால் தள்ளிவிட, அதே டேப் சுற்றிய வளைந்த கோல் ஒன்று கையில் இருந்தது. அதற்கு ஹாக்கி மட்டை என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கேள்வி: விண்நடைக்கு முந்தைய இரவு வீரர்கள் தனி அறையில் தூங்கினார்களாமே, ஏன்?

பதில்: நிலையத்துக்குள் காற்றழுத்தம் நம் ஊரில் உள்ளது போலவே. அங்கிக்குள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு; அதிகமாக வைத்தால் அங்கி விறைத்துப்போய் விரலை மடக்க முடியாது. திடீரென்று அழுத்தம் குறைந்தால் இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகிவிடும். ஆழத்திலிருந்து வேகமாக மேலேறும் முக்குளிப்பவர்களுக்கு வரும் அதே நோய். எனவே அந்தக் காலத்தில் குவெஸ்ட் என்ற காற்றடைப்பறையில் அழுத்தத்தைச் சற்றுக் குறைத்து இரவு முழுவதும் படுக்க வைத்து, காலையில் ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்து நைட்ரஜனைக் கழித்தார்கள்.

கேள்வி: ஹார்மனி அறையை முதலில் தவறான இடத்தில் பொருத்திவிட்டார்களா?

பதில்: இல்லை. ஹார்மனி இந்தப் பயணத்தில் டிஸ்கவரி கொண்டுபோன புதிய அறை. அது மாட்ட வேண்டிய வாசலில் டிஸ்கவரி ஓடமே நின்றுகொண்டிருந்தது. அதனால் யூனிட்டியின் பக்கவாட்டில் தற்காலிகமாக மாட்டிவிட்டு, ஓடம் போன பிறகு நிலையக் குழுவினர் எந்திரக் கையால் எடுத்து நவம்பர் 14 அன்று அமெரிக்காவின் டெஸ்டினி ஆய்வகத்தின் முன்னால் பொருத்தினார்கள். இத்தாலியின் தூரின் நகரில் செய்த அறை அது. அதன் பக்கங்களில்தான் 2008இல் ஐரோப்பாவின் கொலம்பஸ் ஆய்வகமும் ஜப்பானின் கிபோ ஆய்வகமும் வந்து சேர்ந்தன.

கேள்வி: இரு தளபதிகளும் பெண்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மை. ஓடத்துக்கு பமீலா மெல்ராய், நிலையத்துக்கு பெகி விட்சன். இரண்டு கலங்களுக்கும் ஒரே நேரத்தில் பெண்கள் தலைமை தாங்கியது அதுவே முதல் முறை.

கேள்வி: விண்வெளியில் ஒரு கருவிப் பையையே தவறவிட்டார்களாமே? அதைத் தேடி எடுக்கவில்லையா?

பதில்: இதற்கும் எஸ்.டி.எஸ்-120க்கும் தொடர்பு உண்டு. நிலையத்தின் வலப்பக்க இறக்கைகளைச் சூரியனை நோக்கித் திருப்பும் மூட்டு, சுமார் 3 மீட்டர் விட்டமுள்ள வளையம், சில வாரங்களாக அதிர்ந்துகொண்டிருந்தது; வழக்கத்தைவிட அதிக மின்சாரத்தையும் இழுத்தது. அக்டோபர் 28 அன்று விண்நடையின்போது டானி அதன் மூடியைத் திறந்தார். உள்ளே எங்கு பார்த்தாலும் உலோகத் தூள். ஒட்டும் டேப்பில் கொஞ்சம் ஒற்றி எடுத்துக்கொண்டு வந்தார். வழுவழுப்பு போதாமல் உருளைகள் வளையத்தின் பரப்பையே அரைத்திருக்கின்றன.

அதைச் சுத்தம் செய்து கிரீஸ் பூசும் வேலை ஓராண்டு கழித்து, 2008 நவம்பரில் எஸ்.டி.எஸ்-126 என்ற ஓடப் பயணத்தில் நடந்தது. வீராங்கனை ஹைடி ஸ்டெஃபனிஷின்-பைப்பரின் பைக்குள் கிரீஸ் துப்பாக்கி கசிந்து எல்லாம் பிசுபிசுத்துவிட்டது. அவர் துடைத்துக்கொண்டிருக்கும்போது பை மெதுவாக நழுவிப் போனது. பொருள்களின் மதிப்பு சுமார் 1 லட்சம் டாலர். துரத்திப் போவதற்கில்லை, மற்றவரின் பையைப் பகிர்ந்துகொண்டு அன்றைய வேலையை முடித்தார்கள். அந்தப் பையைத் தரையிலிருந்து பைனாகுலரில் பார்த்தவர்களும் உண்டு. 2009 ஆகஸ்டில் வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்தது. அவரைக் கேலி செய்து எழுதியிருக்கும் நண்பருக்கு ஒரு வார்த்தை: தடித்த கையுறையோடு ஆறேழு மணி நேரம் கிரீஸ் பூசிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

கேள்வி: கழிப்பறை பழுதானால்?

பதில்: ஆகியிருக்கிறது. 2008 மே மாதம் ரஷ்யப் பகுதியின் கழிப்பறை பம்ப் மக்கர் செய்தது. புறப்படத் தயாராக இருந்த டிஸ்கவரியில் அவசரமாக மாற்று பம்ப் ஒன்றை ஏற்றி அனுப்பினார்கள். அந்தப் பயணத்தின் முதன்மைச் சரக்கு ஜப்பானின் கிபோ ஆய்வகம். அங்கே காத்திருந்தவர்கள் எதை முதலில் இறக்கச் சொல்லியிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தையல் போட்ட இறக்கை இன்னும் இருக்கிறதா? ஓடங்கள் இல்லாத இக்காலத்தில் பழுதுபார்ப்பது யார்?

பதில்: இருக்கிறது. ஆனால் எல்லாத் தகடுகளும் வயதாகி வலுக்குறைந்தன. அவற்றை 15 ஆண்டுக்கெனத்தான் வடிவமைத்திருந்தார்கள். 2021 ஜூனில் ஷேன் கிம்ப்ரோவும் பிரான்ஸின் தோமா பெஸ்கேயும் பி-6இன் இரு இறக்கைகளுக்கும் முன்னால் புதிய, சிறிய தகடுகளைப் பொருத்தினார்கள். இவை மடிப்பு அல்ல, சுருள். கட்டவிழ்த்தால் தாமாகவே நீள்கின்றன. ஓடங்கள் 2011 ஜூலையோடு ஓய்வுபெற்றுவிட்டதால், நிலையத்தில் தங்கியிருப்பவர்களே எல்லாப் பழுதையும் பார்க்கிறார்கள். உதிரிப்பாகங்கள் சரக்குக் கலங்களில் வருகின்றன. அவர்களுக்குப் பயிற்சி தருவது ஹூஸ்டனில் உள்ள பெரிய குளம்: 62 மீட்டர் நீளம், 31 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். நிலையத்தின் மாதிரித் துண்டுகள் அதற்குள் மூழ்கிக் கிடக்கின்றன.

கேள்வி: எங்கள் ஊர் மொட்டைமாடியிலிருந்து நிலையத்தைப் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. விடிவதற்குச் சற்று முன்பும் இருட்டியதும் பாருங்கள். தரையில் இருளும் மேலே வெயிலும் இருக்கும் நேரம் அதுதான். மேற்குப் பக்கத்திலிருந்து எழுந்து கிழக்கு நோக்கி, கண்சிமிட்டாமல், சில நிமிடங்களில் கடந்துவிடும். விளக்கு மின்னி மின்னிப் போனால் அது விமானம். உங்கள் ஊருக்கான நேரத்தை நாசா இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். வானத்தில் 40 பாகைக்கு மேல் உயரும் நாளாகத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுத் தென்னை மறைத்துவிடும்.