வேகச் சோதனையில் 95, வீடியோவில் சுழலும் வட்டம்: இரவில் நடப்பது என்ன?

கேள்வி: 100 எம்பிபிஎஸ் பிராட்பேண்ட் வைத்திருக்கிறேன். பகலில் குறையில்லை. இரவு 8 மணிக்கு மேல் சில தளங்களில் வீடியோ நின்று நின்று ஓடுகிறது. அப்போதும் வேகச் சோதனை 95 காட்டுகிறது. நிறுவனம் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கிறதா?

பதில்: அப்படிக் குறைப்பதும் உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகள் நெரிசலையே காட்டுகின்றன. நீங்கள் நிறுவனத்துக்குப் பணம் கட்டும் முறை ஒன்று, நிறுவனம் தனக்கு மேலே கட்டும் முறை வேறொன்று என்பதில்தான் அதன் வேர் இருக்கிறது.

நீங்கள் மாதம் ஒரே தொகை கட்டுகிறீர்கள். உங்கள் நிறுவனமோ, தன்னை உலக இணையத்தோடு இணைக்கும் பெரிய நிறுவனத்துக்கு, மொத்தம் எவ்வளவு டேட்டா போனது என்பதைவிட, உச்ச நேரத்தில் எத்தனை எம்பிபிஎஸ் ஓடியது என்பதை வைத்தே பெரும்பாலும் கட்டுகிறது. பரவலான வழக்கம் 95-ஆம் நூற்றுமான முறை: 5 நிமிடத்துக்கு ஒருமுறை போக்குவரத்தை அளந்து, 30 நாளில் சேரும் 8,640 அளவீடுகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, உச்சியிலுள்ள 432-ஐத் தள்ளிவிட்டு, அடுத்து நிற்கும் எண்ணுக்குப் பில் போடுவார்கள். தள்ளப்படுவது 36 மணி நேரம், அதாவது நாளுக்கு 1 மணி 12 நிமிடம். என்றோ ஒருநாள் பெரிய விளையாட்டுப் போட்டிக்காக எகிறும் போக்குவரத்து அதற்குள் அடங்கிவிடும். தினமும் 3, 4 மணி நேரம் நீடிக்கும் இரவு நெரிசல் அடங்காது. விடியற்காலையில் வெளி உலகோடு இணைக்கும் அந்தக் குழாய் காலியாகக் கிடந்தாலும், இரவு 9 மணி ஓட்டத்துக்கே பணம் கட்டவேண்டும்.

வீட்டுக்கு வரும் கம்பியே இன்னொரு நிறுவனத்துடையதாக இருந்தால் இன்னொரு செலவும் சேரும். ஆஸ்திரேலியாவின் தேசிய பிராட்பேண்ட் வலையான என்பிஎன் கட்டமைப்பில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு கட்டணமும், அவை பகிரும் கொள்ளளவுக்குத் தனிக் கட்டணமும் இருந்தன. அந்த இரண்டாவதில் சிக்கனம் பிடித்த நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் இரவில் அவதிப்பட்டார்கள். 100 எம்பிபிஎஸ் மற்றும் அதற்கு மேற்பட்ட திட்டங்களுக்கு 2023 டிசம்பரில்தான் அந்தக் கட்டணம் நீங்கியது.

ஆக, 1,000 வீடுகளுக்கு 100 எம்பிபிஎஸ் விற்கும் எவரும் 100 ஜிபிபிஎஸ் (1 ஜிபிபிஎஸ் என்பது 1,000 எம்பிபிஎஸ்) வாங்கி வைப்பதில்லை. எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தையும் இழுப்பதில்லை என்பதால் அதில் தவறுமில்லை. 3 ஜிபிபிஎஸ் தேவைப்படும் இடத்தில் 2 வாங்குவதுதான் தவறு. அப்போது டேட்டாவின் சிறு துண்டுகளான பாக்கெட்டுகள் நிறுவனத்தின் ரவுட்டரில் வரிசை கட்டும். வரிசை நிரம்பினால் கைவிடப்படும். அதைக் கண்டு, டேட்டாவை அனுப்பும் சர்வர் வேகத்தைக் குறைக்கும். பொறுப்பான நிறுவனம், ஒருவரின் பெரிய பதிவிறக்கம் மற்றவரின் அழைப்பை நசுக்காதபடி வரிசையைப் பங்கிடும். நெட்ஃபிளிக்ஸ், கூகுள் போன்றவை தரும், வீடியோக்களின் நகலை வைத்திருக்கும் சேமிப்பு சர்வர்களைத் தன் வலைக்குள்ளேயே வைத்து, வெளிக் குழாயின் சுமையையும் குறைக்கும். ஒரு தளம் வழுக்கிக்கொண்டு ஓட, இன்னொன்று திணறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். வேகச் சோதனையின் சர்வரும் பல சமயம் நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருப்பதால், வெளிக் குழாயின் நெரிசல் அதன் கண்ணில் படுவதே இல்லை.

எனவே, கணினியை ரவுட்டரோடு கம்பியால் இணைத்து, இரவு 9 மணிக்கு இரண்டு சோதனைகள் செய்யுங்கள்: ஒன்று நிறுவனத்தின் சொந்த சர்வரோடு, மற்றது வேறு நிறுவனத்தின் வலையிலுள்ள சர்வரோடு. காலை 6 மணிக்கும் அதையே செய்யுங்கள். இரவில் முதலாவது 95, இரண்டாவது 12 என்றால் வெளிக் குழாய் போதவில்லை. இரண்டும் விழுந்தால், உங்கள் பகுதி வீடுகள் பகிரும் இணைப்பில் நெரிசல். இரண்டும் நன்றாக இருந்தால் உங்கள் வைஃபையைச் சந்தேகியுங்கள். விபிஎன் (போக்குவரத்தை மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) போட்டதும் வீடியோ சரியானால், நிறுவனம் வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பதை உடனே பிடித்துவிட்டதாக எண்ணிவிட வேண்டாம். நெரிசலில்லாத வேறு பாதையில் போனதாலும் அப்படி ஆகும்.

ஒரு வார அளவீடுகளை இணைத்து நிறுவனத்துக்கு எழுதும்போது, "வேகம் குறைவு" என்று மட்டும் எழுதினால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். வெளி இணைப்பு உச்ச நேரத்தில் எத்தனை விழுக்காடு நிரம்புகிறது, எப்போது விரிவாக்குவீர்கள் என்று கேளுங்கள்.