பென்சிலுக்கு ஏன் பயந்தார்கள்?

கேள்வி: இத்தாலிய வோக் பத்திரிகை 2020 ஜனவரி இதழின் ஆடைப் பக்கங்களுக்கு ஒரு படப்பிடிப்புகூட நடத்தாமல், ஓவியர்களை வரையவைத்து வெளியிட்டதைச் சென்ற இதழில் பாராட்டியிருந்தீர்கள். நான் ஆடை வடிவமைப்பு படிக்கும் மாணவி. ஃபேஷன் பத்திரிகை வாங்குகிறவர் துணியைப் பார்க்கத்தானே வாங்குகிறார்? ஓவியத்தில் துணி எங்கே இருக்கிறது? கேமரா வந்து இத்தனை காலத்துக்குப் பிறகும் படம் வரைந்துகொண்டிருப்பது பக்கங்களை வீணடிப்பதுதானே? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: ஓவியத்தில் துணி இல்லை என்றால், 1920களில் பாரிஸின் பெரிய தையல் நிறுவனங்கள் ஒரு பென்சிலைக் கண்டு ஏன் அப்படிப் பயந்தன? புதிய உடைகளைக் காட்டும் அரங்கில் யாரும் படம் வரையக் கூடாது என்று அவை தடை போட்டிருந்தன. அப்படியும் வரைந்தார்கள். எலிசபெத் ஹாஸ் என்ற அமெரிக்க இளம்பெண் 1925இல் பாரிஸுக்குப் போய், அமெரிக்க உற்பத்தியாளர்களுக்காக இந்த வேலையைச் செய்தவர். உடைகளை மனத்தில் பதித்துக்கொண்டு வெளியே வந்து, நினைவிலிருந்து தாளில் இறக்குவார். பிறகு அவரே நியூயார்க்கில் பெயர் பெற்ற வடிவமைப்பாளராகி, 1938இல் வெளியிட்ட நூலில் இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதினார். அவர் செய்தது திருட்டுதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த அரங்கிலிருந்து அவர் ஒரு நூலைக்கூட எடுத்து வரவில்லை. தோள் எங்கே முடிகிறது, இடுப்புத் தையல் எவ்வளவு இறங்கியிருக்கிறது, பாவாடை எந்த இடத்தில் விரியத் தொடங்குகிறது என்பவை மட்டுமே தாளில் இருந்தன. கடலுக்கு அப்பால் இன்னொருவர் அந்த உடையை வெட்டித் தைக்க அவை போதுமானவையாக இருந்தன.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் தெருவில் ரவிக்கை தைப்பவரின் ரசீதுப் புத்தகத்தைப் பாருங்கள். அளவுகளுக்குப் பக்கத்தில் துணியின் ஒரு சிறு துண்டைக் குத்திவைத்து, கழுத்து வடிவத்தை நான்கு கோடுகளில் வரைந்திருப்பார். புகைப்படத்தைக் காட்டினாலும் அதைப் பார்த்து ஒருமுறை வரைந்துகொள்வார். வரைந்த பிறகுதான் அந்தக் கழுத்து அவருக்குப் புரிகிறது.

புகைப்படம் துணியை உள்ளபடி காட்டுகிறது என்று நம்புகிறீர்கள். நீங்கள் படிக்கும் துறையில் இந்த நம்பிக்கை அதிக நாள் நிலைக்காது. படப்பிடிப்பில் மாடலின் முதுகுப் பக்கம் போய் நின்று பாருங்கள். தொளதொளவென்று இருக்கும் உடையைப் பின்னால் கிளிப் போட்டு இழுத்துப் பிடித்திருப்பார்கள். முன்பக்கம் அது உடலோடு தைத்ததுபோலத் தெரியும். பிறகு கணினியில் சுருக்கங்களை நீக்குவார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்க வோக் இதழில் வந்த கெஸ் என்ற ஆடை நிறுவனத்தின் விளம்பரத்தில், செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய பெண் நின்றாள். புகைப்படம் போலவே இருந்த அந்தப் படத்தின் ஓரத்தில் உண்மையைச் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பலர் அதைக் கவனிக்கவில்லை. ஓவியம் இப்படி யாரையும் ஏமாற்றுவதில்லை. ஒருவர் பார்த்தார், வரைந்தார் என்பதை அது முகத்திலேயே எழுதிக்கொண்டு வருகிறது.

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. உங்கள் கோபமே வோக் அதிபர் கான்டே நாஸ்டுக்கும் இருந்தது. ஓவியர்கள் அழகான படம் போடுவதில்தான் குறியாக இருக்கிறார்கள், இன்றைய உடையை உள்ளபடி சொல்லும் கடமை அவர்களுக்குச் சலிப்பாக இருக்கிறது என்று அவர் வருந்தினார். 1932 ஜூலையில் எட்வர்ட் ஸ்டைகன் எடுத்த வண்ணப் புகைப்படம், நீச்சலுடையில் பந்தைத் தூக்கிப் பிடித்திருக்கும் பெண், வோக்கின் அட்டையில் வந்தது. அந்தப் பத்திரிகையின் முதல் வண்ணப் புகைப்பட அட்டை அது. கடைகளில் புகைப்பட அட்டைகள் கூடுதலாக விற்றன. ஓவியர்கள் மெல்ல மெல்ல உள்பக்கங்களுக்கும், பிறகு வெளியேயும் போனார்கள். நாஸ்ட் கண்ட குறை உண்மையான குறை. ஆனால் சரியாகப் பார்க்காத நிருபர் ஒருவர் இருந்தால் செய்தி எழுதுவதையே நிறுத்திவிடுவோமா?

சரியாகப் பார்த்தவர்கள் அதே பத்திரிகையில் இருந்தார்கள். ‘எரிக்’ என்று கையெழுத்திட்ட கார்ல் எரிக்சன், 1958இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வோக்குக்கு வரைந்தவர். உடை அணிந்த பெண் எதிரில் நிற்காமல் அவர் கோடு போடமாட்டார். எரிக்கின் படங்களில் முகம் இரண்டு மூன்று தீற்றல்களில் முடிந்துவிடும். கை பாதியில் நிற்கும், நாற்காலிக்குக் கால் இருக்காது. ஆனால் கையுறை மணிக்கட்டில் மடிந்து சுருளும் இடத்தில் தூரிகை அழுத்தமாக இறங்கியிருக்கும். பார்க்கிறவரின் கண் எங்கே போக வேண்டும் என்பதை அவர் தீர்மானித்துவிடுகிறார். கேமராவுக்குக் கையுறையும் நாற்காலிக்காலும் ஒன்றுதான். படம் எடுப்பவர் ஒளியாலும் கோணத்தாலும் போராடி ஒன்றை முன்னால் கொண்டுவர வேண்டும். ஓவியர் வேண்டாததை வரையாமல் விடுகிறார். இந்த விடுதல்தான் ஓவியத்தின் பலம். நீங்கள் அதைக் குறை என்று எண்ணுகிறீர்கள்.

இன்னும் முன்னால், 1912இல் லூசியன் வோகெல் பாரிஸில் தொடங்கிய ‘காஸெத் து போன் தோன்’ பத்திரிகை ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தது. இன்றைய ஆசிரியர்கள் எல்லோரும் அதைக் கற்க வேண்டும் என்பது என் ஆசை. ஒவ்வோர் இதழிலும் பத்து வண்ணத் தாள்கள். வண்ணத்துக்கு ஒரு தகடு என்று வெட்டி, அதன் துளை வழியே கையால் வண்ணம் தீட்டிய தாள்கள் அவை. பத்தில் ஏழு, புவாரே, வொர்த், பக்கேன் முதலிய தையல் நிறுவனங்கள் உண்மையிலேயே தைத்த உடைகளைக் காட்டின. மூன்று, ஓவியர்களே கற்பனையில் உருவாக்கியவை. பார்த்து வரைந்ததையும் நினைத்து வரைந்ததையும் பிரித்து வைத்தார்கள். இப்படிப் பிரித்துக் காட்டினால், ஓவியத்தை நம்பி எப்படி உடையைத் தெரிந்துகொள்வது என்ற கேள்வியே எழாது.

இத்தாலிய இதழைப் பாராட்டியபோது ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அதை இப்போது சொல்கிறேன். அதன் ஆசிரியர் எமானுவேலே ஃபர்னெத்தி தந்த காரணம் சுற்றுச்சூழல். 2019 செப்டம்பர் இதழின் படப்பிடிப்புகளுக்கு 150 பேர், ஏறத்தாழ 20 விமானப் பயணங்கள், 40 கார்கள், நாடு கடந்து வந்த 60 பொட்டலங்கள் தேவைப்பட்டதாக அவரே கணக்குக் காட்டினார். மிச்சமான பணத்தின் ஒரு பகுதியை, வெள்ளத்தில் சேதமடைந்த, நூலகமும் அருங்காட்சியகமும் கொண்ட வெனிஸின் குவெரினி ஸ்தம்பாலியா அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனாலும் பெட்ரோலை மிச்சப்படுத்தத்தான் ஓவியருக்குக் கதவு திறக்க வேண்டுமா? ஓவியர் ஒருவர் உடையைப் பார்த்துச் சொல்ல வேண்டியது இருக்கிறது என்ற காரணத்துக்காக, ஒவ்வொரு மாதமும், நியாயமான ஊதியத்தோடு, அவரை அழைக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரியில் அடுத்த ஆடைக் காட்சி நடக்கும்போது கைப்பேசியைப் பையில் வையுங்கள். ஓர் உடையை மட்டும் நன்றாகப் பாருங்கள். வெளியே வந்து நினைவிலிருந்து வரையுங்கள். அந்தத் தாளை மட்டும் கையில் கொடுத்து, காட்சிக்கு வராத தோழி ஒருவரை அதே உடையை வெட்டித் தைக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவருக்குக் கத்தரிக்கோல் நின்றது என்று எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.